பென்சிலும் செகாவும் திருகோணமலைப் பிள்ளைகளும்

எங்கள் பிள்ளைகளிடம் "குறிப்பு எடுங்கோ" என்று சொன்னால், கொப்பியைத் திறந்து திகதி போட்டு, தலைப்புக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு கீறிவிட்டு, நாங்கள் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பார்கள். குறிப்பு என்றால் ரீச்சர் சொல்ல அவர்கள் எழுதுவது. பள்ளியிலும் அப்படித்தான், ரியூசனிலும் அப்படித்தான். ஒரு கதையின் ஓரத்தில், அந்தக் கதையோடு தான் பேசுவதை எழுதலாம் என்பது பத்து வருடத்துக்கு மேல் படித்த பிள்ளைக்கும் புதுச் செய்தியாக இருக்கிறது. உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் தரம் 9 இலிருந்து உயர்தரம் வரையான பிள்ளைகளோடு ரஷ்யக் கதைகள் வாசித்து வருகிறேன். திருக்கடலூர், சாம்பல்தீவு, தம்பலகாமம், கிண்ணியா என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். ஓரத்தில் எழுதப் பழக்குவதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று, இதே முயற்சியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் ரஷ்யக் கதைகள் என்று பெற்றோர் கேட்பார்கள். என்னிடம் இருப்பவை அவை என்பது முதல் காரணம். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள் ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் சாதாரணமாகக் கிடந்தன, கெட்டி அட்டையும் நல்ல தாளுமாக. இரண்டாவது காரணம்தான் முக்கியம். செகாவின் சின்னக் கதைகள் நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த நாலைந்து பக்கத்திலும் கண்ணில் படாமல் ஒளிந்து கிடப்பவை அவ்வளவு இருக்கும். தேடப் பழகுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் தாள். புத்தகத்தில் எழுத விடக்கூடாது, அதுவும் நூலகப் புத்தகத்தில் கூடவே கூடாது. கதையைத் தட்டச்சு செய்து, ஏ4 தாளில் இடது பக்கம் மட்டும் எழுத்து வரும்படி, வலது பாதி முழுக்க வெறுமையாக விட்டு, வரிகளுக்கு நடுவிலும் இடம் விட்டு போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிறேன். காசு கொஞ்சம் கூடத்தான் போகும். ஆனால் இடம் இல்லாத தாளில் பிள்ளை எழுதாது. வெறும் இடம் கண்ணுக்கு முன்னால் கிடந்தால், எதையாவது எழுத வேண்டும் என்று கை தானாகப் போகும்.

அடுத்தது பென்சில். ஹைலைட்டருக்கு எங்கள் விறாந்தையில் இடமில்லை. அதைக் கையில் எடுத்த பிள்ளை பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கிவிட்டு "முடிச்சிட்டன் ரீச்சர்" என்று நிமிரும், எதற்காகப் பூசியது என்று கேட்டால் "முக்கியம்" என்று மட்டும் சொல்லும். அதனால் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: கோடு கீறினால் பக்கத்தில் ஒரு சொல்லாவது எழுத வேண்டும். "ஐயோ" என்றாலும் சரி, "பொய்" என்றாலும் சரி, "இது விளங்கேல்ல" என்றாலும் சரி. எழுத்துப்பிழை திருத்த மாட்டேன், புள்ளி போட மாட்டேன். ஓரத்துக்குப் புள்ளி போடத் தொடங்கினால் அடுத்த கிழமையே எல்லாருடைய ஓரமும் ஒரே மாதிரி ஆகிவிடும். கேள்விக்குறி, நட்சத்திரம், வட்டம் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுக்கிற முறையும் எனக்குச் சரிவரவில்லை. பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் சட்டமாகச் சொல்லாமல் இரண்டு செய்திகளைச் சொல்லித் தொடங்குவேன். புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' என்ற செய்யுள் நாவலின் ஏழாம் அத்தியாயத்தில், தத்யானா என்ற பெண், ஊரை விட்டுப் போய்விட்ட ஒனேகினின் வீட்டுக்குப் போய் அவனுடைய புத்தகங்களை எடுத்து வாசிக்கிறாள். பக்கங்களில் அவன் நகத்தால் அழுத்திய தடங்கள், பென்சிலால் போட்ட சிலுவைக் குறிகள், கொக்கி மாதிரிக் கேள்விக்குறிகள், இங்கொரு சொல் அங்கொரு சொல். அவன் யார் என்பது நேரில் பழகியபோது விளங்காமல், அந்த ஓரங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கத் தொடங்குகிறது. இதைச் சொன்னவுடன் பெண்பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

மற்றது நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி. அவர் கைதியாக சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில், 1850 ஜனவரியில், தொபோல்ஸ்க் என்ற ஊரில், முன்பு நாடு கடத்தப்பட்ட கிளர்ச்சிக்காரர்களின் மனைவிமார் அவருக்கு பைபிளின் புதிய ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஓம்ஸ்க் சிறையில் இருந்த நாலு வருடமும் அது அவரிடம் இருந்தது. சிறையில் பேனை வைத்திருக்க விடமாட்டார்கள். அதனால் நகத்தால் குறி போட்டிருக்கிறார், அந்தத் தடங்கள் அந்தப் பிரதியில் இப்போதும் தெரிகின்றன. இதைச் சொன்ன நாளில் பென்சில்களை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, ஒரு பக்கக் கதையை நகத்தால் மட்டும் குறித்து வாசிக்கச் சொன்னேன். பெருவிரல் நகத்தை வரிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்த வேண்டும். தாள் கிழியக்கூடாது, தடமும் விழ வேண்டும், பிறகு வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால்தான் தெரியும். அப்படிக் கஷ்டப்பட்டுக் குறி போடும்போது எல்லா இடத்திலும் போட மாட்டார்கள். ஒரு பக்கத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. "எதுக்கு இந்த இடத்தில போட்டனீ?" என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டார்கள். நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்தெடுத்துக் குறிக்கப் பழக்குவதற்கு இதைவிட நேரான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கதை என்று வந்தால் 'பச்சோந்தி'யில் தொடங்குங்கள். 1884இல் செகாவ் எழுதியது. சந்தைச் சதுக்கத்தில் ஒரு நாய்க்குட்டி ஒருவனின் விரலைக் கடித்துவிடுகிறது, பொலிஸ் அதிகாரி ஒச்சுமேலவ் விசாரிக்க வருகிறார். நாய் ஜெனரலுடையதா இல்லையா என்று கூட்டத்தில் மாறிமாறிச் சொல்லச் சொல்ல அவருடைய தீர்ப்பும் மாறிக்கொண்டே போகும். முதல் தடவை நான் சத்தமாக வாசிப்பேன், யாரும் பென்சில் தொடக்கூடாது, சிரிக்கலாம். இரண்டாம் வாசிப்பில் ஆளுக்கு ஒரு பொருளைக் கொடுப்பேன். ஒருவருக்கு நாய், ஒருவருக்குக் கடிபட்ட விரல், ஒருவருக்குக் கூட்டம், ஒருவருக்கு ஒச்சுமேலவின் மேல்கோட்டு. தன் பொருள் வரும் இடத்தை மட்டும் குறித்து, அந்த நேரம் அது எப்படி இருக்கிறது என்று ஓரத்தில் எழுத வேண்டும். மேல்கோட்டுக் கிடைத்த பிள்ளைதான் முதலில் கத்தும். நாய் ஜெனரலுடையது என்றதும் "கோட்டைக் கழற்று, வெக்கையாக இருக்கிறது" என்கிறார். பிறகு ஜெனரலுடையதாகத்தான் இருக்கும் போல என்றதும் "கோட்டைப் போட்டுவிடு, குளிருகிறது" என்கிறார். கடைசியில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிடுகிறார். வெயிலும் குளிரும் காலநிலையில் இல்லை, அந்த ஆளின் பயத்தில் இருக்கிறது என்று ஒரு தரம் 9 பிள்ளை தானே கண்டுபிடித்து எழுதியது. அதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது வெறும் இன்னொரு குறிப்பாகப் போயிருக்கும். பிறகு ஒரு மழைக்கோட்டை வைத்து நடித்தும் பார்த்தார்கள். திருகோணமலை வெயிலில் அதைக் கழற்றிப் போட்டு கழற்றிப் போட்டு வியர்த்துப் போன பையனுக்கு அந்தக் கதை இனி மறக்காது.

பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ரஷ்யக் கதை என்றாலே பெயரில் தடுக்கி விழுகிறார்கள், பெரியவர்கள் கூட. தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ஒரே ஆள்தான் ரொதியோன் ரொமானவிச் ரஸ்கோல்நிகவ் என்று ஒரு இடத்தில், ரோத்யா என்று இன்னொரு இடத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. நடுவில் இருப்பது அப்பாவின் பெயர், அவ்வளவுதான். நாங்களும் அப்பா பெயரைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம், வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் பள்ளி இடாப்பில் ஒரு பெயரும் எல்லாருக்கும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ரஷ்ய முறைப்படி தன் முழுப்பெயரைக் கட்டி ஒரு அட்டையில் எழுதச் சொன்னேன், அந்த அட்டையே புத்தக அடையாளம். கதையில் வரும் ஆட்களை அதே அட்டையின் மறுபக்கத்தில், யார் யாரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதோடு எழுதிக்கொண்டு போவார்கள். ஒருவன் பெயரை இன்னொருவன் சுருக்கிக் கூப்பிடும் இடம் வந்தால் அங்கே உறவு மாறுகிறது என்று தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள்.

குளிர்தான் கஷ்டம். 1886இல் வந்த செகாவின் வண்டிக்காரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மகனைப் பறிகொடுத்த இயோனா பத்தாபவ், பனி கொட்டும் மாலையில், வண்டியும் குதிரையும் தானுமாக வெள்ளையாகி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். பனியை வாழ்க்கையில் கண்டிராத பிள்ளைக்கு அந்த முதல் பந்தி வெறும் வர்ணனை. அதனால் திருக்கடலூரிலிருந்து வரும் ஒரு தம்பியிடம் சொல்லி, மீனுக்குப் போடுகிற நொறுக்கிய ஐஸ் ஒரு ரெஜிபோம் பெட்டி நிறையக் கொண்டுவரச் செய்தேன். இடது கையில் ஒரு பிடி ஐஸ், வலது கையில் பென்சில். நான் முதல் பந்தியை மெதுவாக வாசித்து முடிக்கும்வரை கையை விரிக்கக்கூடாது. முதலில் சிரிப்பு, அப்புறம் முகம் சுருங்கியது, அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. தாள் நனைந்தது, சிலருடைய எழுத்து கலைந்தே போனது. ஐஸில் மீன் வாசம் வேறு. ஆனால் ஓரங்களில் வந்தவை: "கை இருக்கிறதே தெரியல்ல", "இவன் ஏன் அசையல்ல எண்டு இப்ப விளங்குது", "துக்கமும் இப்பிடித்தான் மரத்துப் போகுமா?" மூன்றாவதை எழுதிய பிள்ளை மற்ற நாட்களில் வாய் திறப்பதே குறைவு.

அதே கதையில் இரண்டாவது வேலை: இயோனா மகன் செத்ததைச் சொல்லப் போகும் ஒவ்வொரு இடத்திலும் எதிரே இருப்பவர் என்ன பதில் சொல்கிறார் என்று குறித்து, அவர் சொல்லியிருக்க வேண்டிய பதிலை ஓரத்தில் எழுத வேண்டும். இராணுவ அதிகாரி, மூன்று இளைஞர்கள், வாயிற்காவலன், இன்னொரு வண்டிக்காரன் என்று வரிசையாக வருவார்கள். கேட்க ஆளில்லாமல் கடைசியில் குதிரையிடம் சொல்கிறான். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்க விருப்பமில்லாமல் இருக்கும் இடத்தில், ஓட்டோ ஓட்டுகிற ஒருவரின் மகன் எழுதியிருந்தது: "அப்பா ஹயர் போகேக்க பின்னால இருக்கிற ஆக்களும் போனைத்தான் பாப்பாங்க. நானும் பாப்பன்." அந்தத் தாளை வகுப்பில் வாசிக்கட்டுமா என்று அவனிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் வாசித்தேன். இது முக்கியம். எங்கள் ஊரில் யுத்தத்திலும் சுனாமியிலும் ஆளை இழக்காத குடும்பம் குறைவு. இந்தக் கதை எந்தப் பிள்ளையை எங்கே தொடும் என்று எங்களுக்குத் தெரியாது. ஓரத்தில் எழுதியதை மடித்து வைத்துக்கொள்ளவும், கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகவும் அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இருப்பது தெரிந்தால்தான் உண்மையாக எழுதுவார்கள்.

செகாவின் 'வான்கா'வை இரண்டு நிறப் பென்சிலோடு வாசிக்கலாம். ஒன்பது வயதுப் பையன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதும் இடங்கள் ஒரு நிறம், எழுதுவதை நிறுத்திவிட்டு ஊரை நினைக்கும் இடங்கள் மற்ற நிறம். முகவரியில் "கிராமத்துத் தாத்தாவுக்கு" என்று எழுதி, தாத்தாவின் பெயரை மட்டும் சேர்த்துப் பெட்டியில் போடுவதைக் கண்டதும் பின்வரிசையிலிருந்து "போகாது! போகாது!" என்று குரல் வந்தது. அப்புறம் ஓரம் முழுக்கத் தாத்தாவின் பதில்கள்தான்.

செகாவ் இலங்கைக்கு வந்தவர் என்பதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். சகலின் தீவில் கைதிகளின் நிலையைப் பார்த்துவிட்டு கப்பலில் திரும்பும் வழியில், 1890 நவம்பரில், கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் போனார். திருகோணமலைக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பயணத்தின்போது கப்பலில் இறந்தவர்களைக் கடலில் போட்டதைக் கண்டிருக்கிறார், அதிலிருந்து பிறந்த 'கூசெவ்' என்ற கதையை இலங்கையில் இருக்கும்போதே எழுதத் தொடங்கினார், அந்த வருடக் கடைசியிலேயே அது அச்சில் வந்தது. நோயாளிச் சிப்பாய் ஒருவன் கப்பலில் இறக்கிறான், பாய்த்துணியில் வைத்துத் தைத்து, கனத்துக்கு இரும்பு வைத்து, கடலில் இறக்குகிறார்கள். கூசெவுக்குக் காற்று என்பது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது. பக்கத்தில் படுத்திருக்கும் படித்த மனிதர் பாவெல் இவானிச்சுக்கு அந்தப் பேச்சைக் கேட்க எரிச்சல். என் வகுப்பில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றுவிடாமல் கூசெவ் பக்கம். "காத்து கட்டறுத்துக்கொண்டு வரும் எண்டு எங்கட தாத்தாவும் சொல்லுவார், இந்த ஆள் கடலில ராத்திரி நிண்டு பாத்திருந்தா தெரியும்" என்று பாவெல் இவானிச்சுக்கே நேராக எழுதினாள் ஒருத்தி. உடல் இறங்கும்போது வரும் சின்ன மீன் கூட்டத்தையும், பின்னால் வரும் சுறாவையும் பற்றி அவர்கள் எழுதிய ஓரக் குறிப்புகள் என் அறிவைத் தாண்டியவை. எந்த மீன் சுறாவோடு திரியும், எவ்வளவு ஆழத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். தெரிந்த பிள்ளை எழுத, தெரியாத பிள்ளை அதன் கீழே கேள்வி எழுத, தாள் கை மாறிக்கொண்டே போனது. பரிமேலழகர் குறளுக்குச் செய்தது இதைத்தான், நீங்கள் இப்போது எழுதுவது உரை என்று சொன்னேன். அன்றிலிருந்து "என்ர உரை எங்க?" என்றுதான் தாளைத் தேடுகிறார்கள்.

உயர்தரப் பிள்ளைகளோடு 'குற்றமும் தண்டனையும்' முதல் அத்தியாயத்தை எடுத்தேன், எம்.ஏ. சுசீலாவின் தமிழ்மொழிபெயர்ப்பு இருக்கிறது. நாவல் முழுவதையும் இந்த வயதில் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, முதல் அத்தியாயம் போதும், பிடித்தவர்கள் தாங்களே போவார்கள். அது ஜூலை மாதக் கதை. புழுதியும் புழுக்கமும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் வாசித்தால் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை, வெக்கை வரும் இடத்தையெல்லாம் குறியுங்கள் என்றால் போதும். அதில் ரஸ்கோல்நிகவ் தன் வீட்டு வாசலிலிருந்து அடைவு பிடிக்கும் கிழவியின் வீட்டுக்குச் சரியாக 730 காலடி என்று எண்ணி வைத்திருக்கிறான். நீங்களும் உங்கள் படலையிலிருந்து 730 காலடி நடந்து எங்கே போய் நிற்கிறீர்கள் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள் என்று விட்டேன். ஒருத்தி பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் நின்றாள், இன்னொருத்தன் கோட்டை வாசலில் மான்களுக்கு நடுவில். ஒருவன் எண்ணி முடிக்கவே இல்லை, வழியில் மாமாவைக் கண்டு கதைத்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவன் எழுதி வந்தது: "ரஸ்கோல்நிகவ் வழியில ஒருத்தரோடயும் கதைக்கிறதில்ல. அதாலதான் அவனால எண்ண முடிஞ்சது." அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட நல்ல வாக்கியங்களில் அது ஒன்று.

அடைவுக் காட்சியில் இன்னொரு விஷயம் நடந்தது. அப்பாவின் வெள்ளி மணிக்கூட்டை வைத்து நாலு ரூபிள் கேட்கிறான். கிழவி ஒன்றரை ரூபிள்தான் தருவேன் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி (நூறு கோபெக் ஒரு ரூபிள்), அதையும் முன்கூட்டியே கழிப்பாள். ஒன்றரை ரூபிளுக்கு 15, முன்பு வாங்கிய இரண்டு ரூபிளுக்கு 20, ஆக 35 போக கையில் வருவது 1 ரூபிள் 15 கோபெக். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஓரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். நகையை அடைவு வைக்க அம்மாவோடு போய் வரிசையில் நின்ற பிள்ளைகள் இவர்கள். "வருசத்துக்கு 120 சதவீதம்!" என்று ஒரு வர்த்தகப் பிரிவுப் பிள்ளை மூன்று கோடு கீறி எழுதியிருந்தது. கொஞ்சம் தள்ளி, அதே கையெழுத்தில், "அம்மாட காப்பு இன்னும் மீட்கேல்ல". கணக்கு எழுதப்போன பென்சில் அங்கேயும் போயிருக்கிறது.

படம் கீறுவதைத் தடுக்காதீர்கள். புஷ்கின் கையெழுத்துப் பிரதிகளின் ஓரமெல்லாம் முகங்கள், தஸ்தயெவ்ஸ்கியின் குறிப்பேடுகளில் முகங்களோடு கோபுர வளைவுகளும் இருக்கின்றன. எழுத வராத பிள்ளை முதலில் கீறும், பிறகு கீறியதற்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதும். கீறல் இல்லாமல் அந்தச் சொல் வந்திருக்காது.

"இது எந்தச் சோதனைக்கு வரும் ரீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. முன்பின் பார்க்காத ஒரு பந்தி வினாத்தாளில் வந்தால் உங்கள் மகள் பயப்படாமல் பென்சிலை எடுப்பாள் என்று சொன்னேன். மகளின் தாள்களையும் காட்டினேன். அவர் கணக்குப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு ஓரமாக வாசித்துவிட்டு, ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அது மகளுடைய தாள், மகளிடம் கேளுங்கள் என்றேன்.

அடுத்ததாக டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை' கதையை எடுக்கப்போகிறோம், 1886இல் எழுதியது. பஹோம் என்ற விவசாயி, பாஷ்கீரியர் என்ற புல்வெளி மக்களிடம் ஆயிரம் ரூபிள் கொடுத்தால், ஒரு நாளில் நடந்து சுற்றி வரும் நிலமெல்லாம் அவனுக்கு. சூரியன் மறையுமுன் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். ஓரத்தில் எழுதுவதற்குப் பதிலாக, வரிக்கு வரி அவன் நடையை வரைபடமாகக் கீறச் சொல்லலாம் என்று இருக்கிறேன். தம்பலகாமத்து வயல்காரப் பிள்ளைகள் அதை ஏக்கர் கணக்கில் சொல்லட்டும். சூரியன் சாயத் தொடங்கும் இடத்தோடு பிரதியை நிறுத்தி, அவன் இப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் போட்டுக் காட்டிய பிறகுதான் மிச்சப் பக்கத்தைக் கொடுப்பேன்.